ரோஜாப் படத்துக்கு வைத்த பொட்டு

மாசி 9, வெள்ளி, இரவு

தாத்தா சமையல் செய்த வீட்டுத் துரை சீமைக்குப் போகும்போது கொடுத்த ரோஜாப் படத்தை நேற்றுதான் பரணிலிருந்து இறக்கி, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினோம். மதராஸ் ஏலக் கம்பெனிக்காரர் வந்து பார்த்தார்.

"சாமியே இல்லாத படத்துக்கு யாருங்க காசு கொடுப்பா?" என்று அப்பா சிரித்தார்.

"மூவாயிரம் போகும். ஒரு கீறல் விழாம வைங்க, சனிக்கிழமை எடுத்துக்கறேன்."

அறுவடைக் கூலித் தகராறில் போலீஸ் பிடித்துப்போன அண்ணனை ஜாமீனில் எடுக்க அந்தப் பணம்தான் வழி.

இன்று வெள்ளிக்கிழமை. அம்மா எல்லாப் படத்தையும் துடைத்துக் குங்குமம் வைத்தாள். கைப்பழக்கத்தில் ரோஜாவுக்கும் வைத்துவிட்டாள். அது சாயத்தால் தீட்டிய படம்; மேலே கண்ணாடி கிடையாது.

"ஐயோ, துடைடி! அப்பா வந்துருவாருடி!"

மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். குங்குமம் போயிற்று. வெள்ளை இதழின் சாயமும் கூடவே துணியில் வந்துவிட்டது. பயந்துபோய்ப் படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டினோம்.

அப்பா வந்து பார்த்து, "அதுக்குள்ள கட்டியாச்சா? கெட்டிக்காரிதான்" என்று என் தலையில் தட்டினார்.

இப்போது கூடத்தில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பையன் வந்ததும் மொச்சைக் குழம்பு வை. ஜெயில்ல என்னத்தத் தின்னானோ."

"வைக்கிறேங்க" என்கிறாள் அம்மா.