மெழுகில் தங்காத தாளம்

சிகாகோ,
மார்ச் 1923

அன்புத் தங்கை யூலாலிக்கு,

உன் அண்ணன் தியோஃபில் எழுதுவது. மூட்டுவலியைத் தவிர இங்கே நலம்தான். உன் திருமணத்துக்குப் பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாத டிரம்காரன் ரூஃபஸுக்காக நீ அப்பாவின் பேச்சைத் தட்டினாய். நான் இன்னும் அதை மறக்கவில்லை.

ரூஃபஸுக்கு அப்பா சுருட்டு ஆலையில் வேலை சொல்லிவைத்திருக்கிறார், அவனை ஈஸ்டருக்குள் ஊருக்கு அனுப்பிவை என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய ரயில் டிக்கெட் வியாழக்கிழமை என் சட்டைப்பையில்தான் இருந்தது. அன்று அவனும் நானும் வாசிக்கும் குழுவுக்கு இசைத்தட்டுப் பதிவு. முடிந்ததும் அவனிடம் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

பதிவு அறையின் சுவரில் ஒரு பெரிய தகரக் குழல். அதற்குள் போகும் ஒலிதான் மறுபக்கம் சுழலும் மெழுகுத் தட்டில் கோடாக விழும். என் வயலினை அது பிடிக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் பக்கத்தில் நின்று வாசித்த என்னைக் குழுத் தலைவர் டெல்மாஸ் வெளியே இருக்கச் சொன்னார். இதையும் மறக்கப்போவதில்லை. அடுத்து ரூஃபஸின் டிரம்கள் வெளியே வந்தன. அடித்தால் மெழுகில் கீறும் ஊசி துள்ளுகிறதாம். அவனுக்கு மிஞ்சியது ஒரு மரக்கட்டையும் இரண்டு குச்சிகளும். டிரம்களை நடைக்கு உருட்டிவந்தவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பாத்தீங்களா மச்சான், உங்க பிடிலும் என் டிரம்மும் ஒரே மூலையில. இன்னிக்குத்தான் நாம சொந்தமானோம்."

நான் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. நின்று கேட்டேன். கிளாரினெட் முந்தி ஓடியது, பியானோ தடுமாறியது. அப்போது அந்தக் கட்டை பேசத் தொடங்கியது. யூலாலி, தாளம் என்றால் எண்ணுவது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இவன் ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தினான். தயங்கியவனுக்கு இடம் விட்டான். யாருக்கும் வழிவிடாத டெல்மாஸ்கூட, அவன் திறந்துவிட்ட இடத்தில் நுழைந்து, கார்னெட்டை ஊதி நான் இதுவரை கேட்டிராத ஒன்றை வாசித்தார். யார்மேல் என்ன கோபம் என்பதே சிறிது நேரம் நினைவில் இல்லை.

அதை உடனே போட்டுக் காட்டச் சொன்னார் டெல்மாஸ். ஒருமுறை ஊசி ஓடினால் மெழுகு கெட்டுவிடும், தட்டு எதற்கும் ஆகாது என்று பதிவுக்காரர் எச்சரித்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு வாசிச்சாப் போச்சு, போடுய்யா."

என்னையும் உள்ளே அழைத்தார்கள். கேட்டோம். முடிந்ததும் எல்லோரும் திரும்பி ரூஃபஸைப் பார்த்தார்கள். அவன் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு வாசித்ததெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த முதல் வாசிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

கோடையில் இசைத்தட்டு உங்கள் ஊர்க் கடைக்கு வரும். பின்னால் ஏதோ தட்டுகிற சத்தம் லேசாகக் கேட்கும். அதை வைத்து அவனை எடைபோடாதே.

டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது வந்ததே அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நிலையத்தில் கேட்டால் சிகாகோவுக்கு மாற்றித் தருவார்கள். அப்பாவுக்கு நான் எழுதுகிறேன். கோபம் என்மேல் இருக்கட்டும், எனக்குப் பழக்கம்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா. சனிக்கிழமைகளில் நடன அரங்கில் அவனுக்கு எல்லா டிரம்களும் உண்டு. முன் வரிசையில் உனக்கு நாற்காலி போட்டுவைக்கிறேன்.

கடவுள் உங்கள் மூவரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கட்டும்.

உன் அண்ணன்,
ரூஃபஸின் மச்சான்,
தியோஃபில்