ஆபீசருக்குத் தெரிந்த வீடு

மார்ச் 3, திங்கள்

இவர் தவறிப்போன பிறகு இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பினேன். ஆஸ்பத்திரி லாண்டரியில் என் இஸ்திரி மேசை அப்படியே இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே போதும்.

சாயங்காலம் வந்தால் மாடிப்படியிலேயே வீட்டுக்காரம்மா. "நீ போனதுலேர்ந்து ஒரே குரைப்பு. என் காது ரெண்டும் போச்சு" என்றார். கதவின் கீழ்ப்பக்கம் முழுக்கப் பிறாண்டல். செருப்பில் ஒன்றைக் காணோம். ஆபீசர் ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

இவர் வைத்த பேர் அது. நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா வீட்டைப் பாத்துக்க ஒரு ஆபீசர் வேணாமா என்பார். ரெண்டு வருசம் பகல் பூராவும் தனியாகத்தானே இருந்தது? ஒரு நாள் ஒரு புகார் வந்ததில்லை. இப்போது மட்டும் என்ன வந்துவிட்டது?

மார்ச் 4, செவ்வாய்

தலையணை போச்சு. ரெண்டு அறையிலும் பஞ்சு. பெருக்கி முடிக்க இடுப்பு விட்டுப்போச்சு.

மார்ச் 6, வியாழன்

பக்கத்து மேசை அக்கா சொல்கிறாள், "அதுக்கும் துக்கம் இருக்குமில்ல." இருக்கலாம். ஆனால் நான் லீவில் வீட்டிலிருந்த வரைக்கும் சமர்த்தாகத்தானே இருந்தது. துக்கம் என்ன, நான் வேலைக்குப் போன நாளாகப் பார்த்தா வரும்?

வீட்டுக்காரம்மா கெடு வைத்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிறேன். அதுக்கப்புறம் நாயா வீடான்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

இன்னொன்றும் நடந்தது. இத்தனை நாள் மொட்டைமாடியோடு சரி, இன்றைக்குத்தான் காலையில் கீழே நடக்கக் கூட்டிப் போனேன். தெருப்பக்கம் போகாமல், தரைத்தளத்தில் பின்பக்க வீட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடிற்று. கார் சீட் கவர் தைக்கிறாளே, தனியாக இருப்பவள், அவள் வாசலில் போய் உட்கார்ந்து முன்னங்காலைத் தூக்கிக் கதவில் வைத்தது. யாரோ கற்றுக்கொடுத்த மாதிரி.

அவள் திறந்தாள். ஆபீசர் அவள் காலடியில் புரண்டது. அவள் குனியப் போனாள், என்னைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டாள்.

"எல்லா நாய்க்கும் என்னைப் பிடிக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஒரே கட்டடம். இவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு மேலே ஒரு எட்டு வராதவள்.

மார்ச் 7, வெள்ளி

விரிப்பு மடிக்கும்போது ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் ஆபீசர் முதுகில் மஞ்சள் ஸ்பாஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். "தலையணையில புரண்டிருக்கான் திருட்டுப்பய" என்பார் இவர். நானும் சிரித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஸ்பாஞ்சு ஏது? செவ்வாய்க்கிழமை நான் பெருக்கியது பஞ்சு. ஸ்பாஞ்சு கீழே அந்தத் தையல்காரி வாசலில்தான் கிடக்கிறது.

நாய் தானாகப் பூட்டைத் திறந்து போகாது. நான் கிளம்பின பிறகுதான் இவர் கிளம்புவார். நான் வருவதற்கு முன்னால் வந்துவிடுவார். தினமும்.

ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

இவர்கிட்டயே கேட்டுடலாம்னு ஒரு நிமிசம் நினைச்சேன். பழக்கம்.

செத்துப்போன மனுசன் மேல சந்தேகப்படுறேனே, நான் என்ன பொம்பளை? ஆனா வந்துடுச்சே. வந்ததை என்ன பண்ணச் சொல்றீங்க? நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொல்லாம போனீங்க. இன்னும் என்னென்ன சொல்லாம போனீங்க?

மார்ச் 9, ஞாயிறு

போனேன். ஆபீசரையும் கூட்டிக்கொண்டுதான்.

"என் வீட்டுக்காரர் இங்க வந்துக்கிட்டிருந்தாரா?"

அவள் மிஷினை நிறுத்தவில்லை. அந்தத் தையலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "வந்தார். காலையில நாயை விட. சாயங்காலம் கூட்டிட்டுப் போக."

"எவ்வளவு நாளா?"

"குட்டியா வந்த முதல் வாரத்துலேர்ந்து. தனியா விட்டா கத்தி ஊரைக் கூட்டுது, உங்க புடவையைக் கிழிச்சிருச்சுன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். நீங்க ஏதோ கண்டிஷன் போட்டிருந்தீங்களாமே."

போட்டேன்தான். ஒரு நாள் தொல்லை குடுத்தாலும் வந்த வழியே அனுப்பிடுவேன் என்றேன். சும்மா சொன்னது. அதற்காக ரெண்டு வருசமா? தினமும் சாயங்காலம், "நம்ம ஆபீசர் பகலெல்லாம் தூங்கினான்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரே.

"நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல? அவர் போனப்பக்கூட மேல வரலையே நீங்க."

"நான் தனியா இருக்கிறவ. அங்க வந்து அழுதா, இவ எதுக்கு அழறான்னு நாலு பேர் கேப்பாங்க. அழாம நிக்க எனக்கு வராது. இப்ப மேல அது கத்துறது கேக்குது. எந்த முகத்தோட வந்து நாயைக் குடுங்கன்னு கேக்குறது?"

எதற்கு அழ வேண்டும் என்று நானும்தான் கேட்க நினைத்தேன். அதற்குள் ஆபீசர் மிஷினுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. கீழே விரித்திருந்தது என் நீலப் போர்வை. கொடியில் காயப்போட்டது திருடு போய்விட்டது என்று இவர் சொன்ன போர்வை. தெருவில் நின்று யார் யாரையோ திட்டினேன் அதற்காக. இவரும் பக்கத்தில் நின்று "ஆமாம், ஆமாம்" என்றார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஆபீசரைக் கீழே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

வீட்டுக்காரம்மா படியில் பிடித்துக்கொண்டார். "சத்தத்தையே காணோம். எங்கேயாவது குடுத்துட்டியா?"

"இல்லம்மா. தனியா இருக்கப் பழகிடுச்சு. பகலெல்லாம் தூங்குது" என்றேன்.

இவர் சொன்ன மாதிரியே வந்தது. முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

மார்ச் 20, வியாழன்

இப்போதெல்லாம் சாயங்காலம் ஆபீசரைக் கூட்டிவரப் போனால் ஒரு முக்காலி இழுத்துப் போடுகிறாள். உட்காருகிறேன். கவர்களை மடித்துக் கொடுக்கிறேன், சும்மா இருக்கக் கை வராது.

"சாயங்காலம் வந்து நின்னா என்ன பேசுவார்?" என்று கேட்டேன்.

"உங்களைப் பத்தித்தான். எங்க வீட்டுல சட்டை மடிக்கிற மாதிரி கடைக்காரனுக்குக்கூட மடிக்கத் தெரியாதும்பார்."

பொய். சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போன மனுசன். மடிப்பைப் பார்த்தாராம். என் மனசு ஆறட்டும் என்று சொல்கிறாள்.

இல்லை, நிஜமாகவே சொல்லியிருந்தால்? அதை என்னிடம் சொல்வதற்கு என்ன?

நாளைக்கு லாண்டரியிலிருந்து கொஞ்சம் சீக்கிரமே கிளம்ப வேண்டும். அவளிடம் இன்னும் கேட்க வேண்டியது இருக்கிறது.