பாலாம்பிகை வென்ற மூன்று ஓட்டங்கள்

2007 யூன் 9, சனி

வேலையால் வந்து வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பேனாட் அண்ணை ரெலிபோன் எடுத்தார். விளையாட்டுக் கழகத் தலைவர் என்னைத் தேடினால் அது விழாவுக்கு வடை சுடுகிற விஷயமாகத்தான் இருக்கும். இன்று வேறு கதை. முன்னாள் வெற்றியாளர்கள் இந்த வருடம் தடை ஓட்டம் ஓடக்கூடாதாம். பந்தலில் இருத்திப் பொன்னாடை போர்த்துவார்களாம்.

"நான் ஓடத்தானே வாறனான், அண்ணை?"

"நீங்கள் வெண்டது காணும், தங்கச்சி. இனி ஒரு பக்கமா மரியாதையா இருங்கோ."

நாற்பத்திரண்டு வயது. பொன்னாடை போர்த்துகிற வயதா மாதாவே இது? நாள் முழுக்கத் துறைமுகக் களஞ்சியத்தில் பெட்டி தூக்குகிறவள் நான். வருடத்தில் ஒரு நாள்தான் எனக்கென்று ஓடுகிறேன். அதுவும் கூடாதா?

யூன் 12

பூங்காவைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். முழங்கால் நோகவில்லை.

யூன் 16, சனி



பால் வாங்கப் பேனாட் அண்ணையின் டெப்பனருக்கு, எங்கள் மூலைக் கடைக்கு, போனேன். கண்ணாடியில் விழாவுக்கான பெரிய பதாகை. "தடை ஓட்ட வீராங்கனைகள்" என்று தலைப்பு. மேலே பூமாலை போட்ட படம்: "மூன்று முறை வெற்றிவாகை சூடிய அமரர் பாலாம்பிகை." அதற்குக் கீழே பந்தலுக்குக் காசு உதவி செய்கிறவரின் மனைவி. அவ ஒருமுறை ஓடி, முதல் தடையிலேயே செருப்பு அறுந்து நின்றவ. அதற்கும் கீழே, கடைசியில், சின்ன எழுத்தில் நான். "அக்னெஸ், முன்னாள் வீராங்கனை."

பாலாம்பிகை ஒரு முறையும் வெல்லவில்லை! 2004, 2005, 2006 மூன்று முறையும் வென்றது நான். மூன்று முறையும் இரண்டாவதாக வந்தது அவள்.

பாலை வாங்காமலே வந்துவிட்டேன்.

யூன் 17, ஞாயிறு

பூசை முடிந்ததும் வாசலில் வைத்துப் பேனாட் அண்ணையைப் பிடித்தேன். பிழையாக அடித்துவிட்டார்கள் போல என்று மெல்லத்தான் தொடங்கினேன். மனிதர் முகம் மாறவே இல்லை.

"பிழையில்லை, தங்கச்சி. எனக்குத் தெரியும் நீங்கள்தான் வெண்டதெண்டு. ஆனால் அவவின்ர முப்பத்தோராம் நாள் நான் பேசினது ஞாபகமோ?"

ஞாபகம் இருக்கிறது. பங்குனி மாதம், லொங்குய்யில் அவர்கள் வீடு. பாலாம்பிகையின் படத்துக்கு முன் நின்று, "மூன்று முறை முதலிடம் பெற்ற வீராங்கனை" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். நான் வடைத் தட்டோடு நின்றேன். செத்த வீட்டில் புகழ்ந்து பேசுகிறவரை யார் திருத்துவது? ஒருவரும் திருத்தவில்லை. அவள் புருஷன் மார்க்கண்டு அண்ணையும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"அண்டைக்குச் சபையில சொன்னதை இண்டைக்கு மாத்தினால், செத்த வீட்டில பொய் சொன்ன ஆளாப் போயிடுவன். அவவின்ர பேரில ஞாபகார்த்தக் கிண்ணமும் செய்தாச்சு. செத்தவை முதல் வரிசை. உதவி செய்யிறவை ரெண்டாவது. உயிரோட இருக்கிற ஆக்கள் பிறகு. அதுதான் முறை."

"அப்ப முதலாவதா வாறதுக்கு நான் சாகோணுமோ?"

"கோயில் வாசலில நிண்டு என்ன கதை இது!" என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

எங்கள் பங்குக் கோயில் திரேசம்மா அக்கா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறா. "பாவம், செத்துப்போன பிள்ளை. அதிட்டையிருந்து பறிக்கப் போறியளோ, அக்னெஸ்?" என்றா.

நானா பறிக்கிறேன்? நானா?

யூன் 18

என் புருஷன் டெனிஸ்டன் சொல்கிறார்: "விடும், அக்னெஸ். வென்ற கிண்ணம் மூண்டும் எங்கட வீட்டிலதானே இருக்கு." லொறி ஓட்டுகிற மனிதர். நாளைக்கு அவருடைய லைசென்ஸில் வேறு யாருடைய படத்தையாவது ஒட்டினால் விடுவாரா?

யூன் 25

பாலாம்பிகை மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும்.

அவள் மட்டக்களப்பு, நான் மன்னார். ஓட்டத்தில்தான் பழக்கம். வலைக்குக் கீழே தவழ்வதிலும் டயருக்குள் புகுந்து வருவதிலும் மரக்குற்றியில் நடப்பதிலும் என்னைவிட அவள்தான் வேகம். கடைசித் தடையில்தான் மாட்டுவாள். கயிற்றில் தொங்குகிற பணிஸை, அந்த இனிப்புப் பன்னை, கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். எதிரே நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்ப்பாள், சிரிப்பு வந்துவிடும். சிரிக்கிற வாயால் எப்படிக் கவ்வுவது? நான் கவ்விக்கொண்டு ஓடிவிடுவேன். "அடுத்த வருசம் ஒன்ன விடமாட்டன் புள்ள" என்பாள், வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி.

யூலை 14, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது?

பாலாம்பிகையின் மகள் ஜெயனி வந்தாள். வாசலில் தாயே நிற்கிற மாதிரி இருந்தது, திடுக்கிட்டுப் போனேன். இந்த முறை அவளும் ஓடுகிறாளாம். ஒவ்வொரு கோடையும் வெளியூரில் வேலை என்பதால் தாய் ஓடியதை ஒருமுறையும் பார்த்ததில்லையாம்.

"அன்ரி, அம்மா எப்பிடி வின் பண்ணினவ? நீங்கள்தானே பக்கத்தில ஓடினது. சொல்லுங்கோவன், சில் து ப்ளே." 'பிளீஸ்' இவளுக்குப் பிரெஞ்சில்தான் வரும்.

வலையைச் சொன்னேன். டயரைச் சொன்னேன். மரக்குற்றியில் கையை விரித்துப் போன அழகைச் சொன்னேன். எல்லாம் உண்மை. பணிஸ் வந்ததும் நின்றுவிட்டேன்.

"பிறகு?"

"பிறகு அவ சிரிச்சவ, பிள்ளை."

ஜெயனியும் சிரித்தாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்த தேத்தண்ணீரைக் குடிக்காமல் எழும்பிப் போனாள். ஐயோ, விளங்கிவிட்டதா அவளுக்கு?

யூலை 29, ஞாயிறு

நம்ப முடியவில்லை. எனக்கு மட்டுமல்ல, அங்கே நின்ற ஒருவருக்கும் நம்ப முடியவில்லை.

யூலை 30, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. உடம்பெல்லாம் நோ. இருந்து எழுதுகிறேன்.

பந்தலில் பின்வரிசை. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், வெயிலில் அவிந்தேன். கொடியேற்றம், மௌன அஞ்சலி எல்லாம் முடிய, பேனாட் அண்ணை ஞாபகார்த்தக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, "மூன்று முறை முதலிடம் பெற்ற" என்று தொடங்கினார். முன்வரிசையில் இருந்த மார்க்கண்டு அண்ணை எழும்பிப் போய் மைக்கை வாங்கினார். நன்றி சொல்லப் போகிறார் என்று எல்லோரும் கைதட்டினோம்.

"எண்ட மனிசி ஒரு நாளும் முதலாவதா வரல்ல."

கைதட்டல் அந்தரத்தில் நின்றது.

"மூண்டு தரமும் ரெண்டாவது. முப்பத்தொண்டில நான் வாய் திறக்கல்ல, அழுகையில இருந்தன். நேத்து மகள் கேட்டாள், பொய் சொல்ல ஏலாமப் போச்சு. ஆசுப்பத்திரியில கிடக்கக்குள்ளயும் அவ சொன்னது, எழும்பி வந்து அக்னெஸ வெல்லணும் எண்டுதான். ஓடாமலே அவவ வெல்ல வெச்சிட்டீங்க. கேட்டிருந்தா ஏசியிருப்பா. இந்தக் கிண்ணத்த ரெண்டாவதா வாறவக்குக் குடுங்க. அதுதான் அவட இடம்."

பேனாட் அண்ணை மைக்கை வாங்கவும் இல்லை, கிண்ணத்தைக் கீழே வைக்கவும் இல்லை. திரேசம்மா அக்கா வாயில் முந்தானை.

அது போதாதென்று தொடக்கக் கோட்டில் நின்ற ஜெயனி கத்தினாள்: "அக்னெஸ் அன்ரி ஓடாட்டி நானும் ஓடமாட்டன்!" மற்றப் பெண்களும் கோட்டை விட்டு விலகினார்கள்.

பொன்னாடையைக் கழற்றிப் பேனாட் அண்ணையின் தோளில் போட்டுவிட்டு இறங்கினேன். சுடிதாரோடுதான் ஓடினேன். வலை, டயர், மரக்குற்றி, எல்லாவற்றிலும் ஜெயனிக்குச் சரிசமம். பணிஸடிக்கு முதலில் வந்தது நான்தான். கை பின்னுக்கு. வாயைத் திறந்தேன். எதிரே ஜெயனி, தாயின் அதே முகம், வாயைப் பிளந்துகொண்டு, வெகு மும்முரமாக. மூன்று வருடமும் பாலாம்பிகை எதைப் பார்த்துச் சிரித்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. பணிஸ் மூக்கில் இடித்து இடித்து ஆடியது. ஜெயனி கவ்விக்கொண்டு பறந்துவிட்டாள். நான் இரண்டாவதாக வந்தேன்.

வேண்டுமென்று விட்டேன் என்று டெனிஸ்டன் நினைக்கிறார். இல்லை. வெல்லத்தான் ஓடினேன். சிரிக்கிற வாயால் கவ்வ முடியவில்லை, அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 11, சனி

பேனாட் அண்ணை பெயர் வெட்டுவித்து ஞாபகார்த்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து தந்தார். பதாகையைக் கழற்றிவிட்டாராம். அடுத்த வருட வடைக்கு யாரைக் கேட்பது என்றார்.

"வேற ஆரையும் பாருங்கோ, அண்ணை. நான் ஓடுறனான்."

"ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

முதலிடத்துக் கிண்ணங்கள் மூன்றும் கட்டிலுக்குக் கீழே பெட்டியில் கிடக்கின்றன. இதை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே பாலாம்பிகையின் பெயர். அவளுக்குக் கீழே, சின்ன எழுத்தில் என் பெயர். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். இந்த முறை ஒரு பிழையும் இல்லை.