நானாகச் சேர்த்த வரி

அன்புள்ள குட்டிக்கு,

அம்மாவும் நானும் நலம். உன் நலத்தை நீ மூன்று வரியில் முடித்துவிடுகிறாய், நாங்கள்தான் அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் பேசுகிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதமாகிறது, எழுத்து இன்னும் தெரியவில்லை, ஆனால் அடுப்பு மேடையில் நான் துடைக்காமல் விட்ட டீக் கறை மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் மறுபடியும் கூட்டத்துக்குப் போகிறேன், கடவுள் நம்பிக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் வருஷத்துக்கொரு முறை கூடுவோமே, அதுதான். இப்போதே பையை எடுத்து வைத்துவிட்டேன், சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகூட உங்களிடம் தோற்றுப்போகும் என்று அம்மா கிண்டல் செய்கிறாள். இரண்டு வருஷமாக ஏன் போகவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம் முழங்கால் வலி என்றேன், அது பொய். அங்கே ஒரு வழக்கம், எல்லாரும் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து வாசிக்க வேண்டும். கடைசியாகப் போனபோது என் கைக்கு வந்த தாளில், மகன் இறந்த பிறகு என்னால் பிரார்த்தனை செய்ய முடியவில்லை என்று யாரோ எழுதி அத்தோடு நிறுத்தியிருந்தார்கள். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய புத்தி சும்மா இருக்குமா, "ஆனாலும் என்றாவது செய்வேன்" என்று நானாக ஒரு வரி சேர்த்து வாசித்துவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள், நூலகத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தத் தாள் அவருடையது என்று அப்போதுதான் புரிந்தது, அதற்குப் பிறகு அங்கே போக எனக்கு முகமில்லை. போன வாரம் அவரே போன் செய்து, "வாங்க சார், இந்தத் தடவையும் எழுதியிருக்கேன், உங்க கையிலயே குடுக்கிறேன், இருக்கிறதை மட்டும் படிங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கே போவதற்கு முன் உன்னிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும், போனில் சொல்ல வாய் வரவில்லை. போன மாதம் வந்த உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். இப்போதெல்லாம் கும்பிடத் தோன்றுவதில்லை, அம்மாவிடம் இதை மறைக்க விருப்பமில்லை என்று நீ எழுதியதை விழுங்கிவிட்டு, தினமும் கும்பிடுகிறேன் என்று வாசித்தேன். அவள் வருத்தப்படுவாள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன், வருத்தப்பட்டது நான்தான். நேற்று அவளை உட்கார வைத்து, நீ எழுதியபடியே முழுக் கடிதத்தையும் வாசித்தேன். கடைசி வரி வரை கேட்டாள். பிறகு, "அந்த இடம் வந்ததும் உங்க குரல் மாறிச்சு, எனக்கு அன்னைக்கே தெரியும். இப்பதான் என் பொண்ணு பேசின மாதிரி இருக்கு, இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன்.

என்னை மன்னித்துவிடு. கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும் எங்கள் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, அதில் ஒரு குறையும் வராது. பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. என்ன வேண்டுமானாலும் எழுது, அம்மா கேட்பாள்.

உன் அப்பா