உன் பெயரில் பதினோரு ஞாயிறுகள்

புத்தூர் பாசஞ்சரில் ஜன்னல் சீட்டைப் பிடிக்க மட்டும் ஓடத் தெரிந்த என் அண்ணா தினகருக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. பத்து நாள் காய்ச்சல், திருப்பதியில் நான் லேப் டெக்னீசியனாக இருக்கும் அதே ஆஸ்பத்திரி, கடைசியில் உன் ரத்தத்தை நானே டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். ரிசல்ட்டைப் படிக்கத் தெரிந்த தங்கச்சியாக இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று உன்னிடம்தான் சொல்ல முடியும். சரி, விடு. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

நான் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். உன் பெயரில்.

உன்னுடைய 'மூணு பேண்ட்' லிஸ்ட்டில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நீ இன்னும் சாகவில்லை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, இன்னும் ஊர் உலகத்துக்குத் தெரியாத மூன்று ராக் பேண்டுகளின் பாட்டை அவர்கள் போனுக்கு அனுப்புவாயே, அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நிற்காமல் அனுப்பியது நான். உன் போனிலிருந்து.

திட்டம் போட்டுச் செய்யவில்லை. உன்னை எடுத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. யாருக்கெல்லாம் தகவல் சொல்லவேண்டும் என்று பார்க்க உன் போனைத் திறந்தேன். அங்கே முப்பத்து மூன்று பாட்டுகளை நீ தயாராக வைத்திருந்தாய். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதி, பக்கத்தில் 'அம்மா ஓகே' என்று டிக் போட்டிருந்தாய். பதினோரு வாரத்துக்குக் கையிருப்பு. ஊறுகாய் போடுகிறவள்கூட இப்படி முன்யோசனையாக இருக்கமாட்டாள். முதல் மூன்றை அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் "சூப்பர் அண்ணா", "செம்ம அண்ணா" என்று பதில் வந்தது. வீடு முழுக்க சொந்தக்காரர்கள் நீ இல்லை என்று அழுதுகொண்டிருந்தார்கள். அந்த போனில் மட்டும் நீ இருந்தாய். அதை எப்படி நான் மூடுவேன், சொல்.

நீ எப்படித் தேடுவாய் என்று எனக்குத் தெரியும். நூறு பேர்கூடக் கேட்காத பாட்டுகளாகப் பார்த்து எடுப்பாய். ஒரு பேண்ட் பிடித்துவிட்டால் அவர்களுக்கே எழுதி, "உங்க ஊர்ல வேற யாரு நல்லா வாசிக்கிறாங்க?" என்று கேட்பாய். தன்னைத் தவிர இன்னொருவனைச் சொல்கிறவன்தான் நிஜமான பாட்டுக்காரன் என்பது உன் கட்சி. கோழிக்கோட்டு 'ஈரச்சட்டை' சொல்லி விசாகப்பட்டினத்து 'உப்புக்காத்து', அவர்கள் சொல்லி யாழ்ப்பாணத்தில் அக்கா தங்கை இரண்டே பேர் வாசிக்கும் 'பின்வாசல்'. இப்படிச் சங்கிலி பிடித்துக்கொண்டே போவாய்.

அதற்கப்புறம் டெஸ்ட். ரேணிகுண்டா பக்கம் செல்போன் கம்பெனியில் பழுதானதைக் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை செய்தவன் அல்லவா, வீட்டிலும் அதே புத்தி. முதல் தடவை ரயிலில், ஒரு காதில் மட்டும். ரயில் சத்தத்தையும் மீறி நிற்கிறதா என்று பார்ப்பாய். இரண்டாம் தடவை வீட்டில், இரண்டு காதிலும். மூன்றாவதுதான் பெரிய பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கீரை ஆய உட்கார்ந்ததும், சத்தம் எடுப்பாகக் கேட்கப் போனை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டுப் பாட்டை ஓடவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாய். "யாருடா இது பாட்றது?" என்று அம்மா கேட்டால் பேண்ட் பாஸ். கேட்காவிட்டால் ஃபெயில். எத்தனை பெரிய கிடாரிஸ்ட்டாக இருந்தாலும் நம் அம்மாவின் கீரைக்கட்டைத் தாண்டித்தான் வரவேண்டும். லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரியும். "அம்மா கேட்டாங்களா அண்ணா?" என்றுதான் பேண்டுக்காரர்களே எழுதுவார்கள்.

பத்தாவது வாரம் அப்படி ஒரு மெசேஜ் வந்தது. குப்பம் டவுனிலிருந்து 'குவாரி' என்ற பேண்ட். காலேஜ் முடித்த மூன்று பேர். பாடுகிற பெண் பெயர் நந்தினி. "அண்ணா, மூணு மாசமா காத்துக்கிட்டு இருக்கோம். எங்க 'தண்ணி லாரி' பாட்ட அம்மா கேட்டாங்களா?"

உன் குறிப்பில் தேடினேன். 'ரயில் ஓகே, வீடு ஓகே' என்று இருந்தது. அம்மாவுக்கு நேராக ஒன்றும் இல்லை. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது போல.

அடுத்த ஞாயிறு மிச்சப் பரீட்சையை நானே வைத்தேன். அதே சொம்பு, அதே நாற்காலி. அம்மா அன்றைக்கு அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாட்டு ஓடி முடிந்தது. அம்மா கேட்கவில்லை. இன்னொரு தடவை போட்டேன். தண்டைக் கிள்ளிக் கிள்ளி முறத்தில் போட்டாளே தவிர, வாய் திறக்கவில்லை. எனக்கு ஏனோ கோபம் வந்தது. அந்தப் பேண்டின் மேலா, அம்மாவின் மேலா, உன் மேலா, தெரியவில்லை. போனை எடுத்து, "அம்மா கேக்கல" என்று அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதினோரு வாரத்தில் உன் பெயரில் நானாக எழுதியது அந்த இரண்டு வார்த்தைதான். மற்றதெல்லாம் நீ எழுதி வைத்தது. நீயாக இருந்தால் அப்படி மொட்டையாக அனுப்பியிருக்கமாட்டாய். எங்கே இடிக்கிறது என்று சொல்லி, எது நன்றாக இருக்கிறது என்றும் சொல்லி, இன்னொரு பாட்டு அனுப்பச் சொல்லியிருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்?

பதில் மறுநாள் வந்தது. "சரி அண்ணா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். உங்க லிஸ்ட்டுல வந்தா மேல செய்யலாம், இல்லன்னா அவங்கவங்க வேலைக்குப் போயிடலாம்னு மூணு பேரும் பேசி வெச்சிருந்தோம். வர சனிக்கிழம பங்காருபாளையத்துல மண்டிக்காரர் ஒருத்தர் வீட்டு ரிசப்ஷனுக்கு ஒத்துக்கிட்டோம். அதோட முடிச்சிக்கிறோம். தேங்க்ஸ் அண்ணா."

இதை நான் யாரிடம் சொல்வேன்? அம்மாவிடம் போய்க் கத்தினேன்.

"நீ ஏன்மா ஒண்ணுமே கேக்க மாட்டேங்கற? அண்ணன் போட்டா மட்டும் கேப்ப. நான் போட்டா காது அடைச்சிக்குதா?"

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை அப்படியே சட்டியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் எங்கடி பாட்ட கேட்டேன்? எனுக்கு இன்னா தெரியும் அதுல? எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இரையுது."

"அப்புறம் அண்ணங்கிட்ட யாரு பாட்றதுன்னு கேப்பியே?"

"அவன் கால பாத்துக்கினு இருப்பேன். அவனுக்குப் புடிச்ச பாட்டு வந்தா நாற்காலிக்கு அடியில கால் ஆடும். அவனுக்கே தெரியாது. கால் ஆடிச்சின்னா கேப்பேன். அவன் மூஞ்சி அப்டியே மலர்ந்து பூடும். அதுக்காகக் கேட்டது தாண்டி." சோற்றுச் சட்டியை மூடினாள். பிறகு, "இப்போ யார் கால பாத்து கேக்கச் சொல்ற?" என்றாள்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை, அண்ணா. நீ போன நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

இது உனக்குத் தெரியுமா? தெரிந்தேதான் சொம்பும் நாற்காலியுமாக நாடகம் போட்டாயா? இல்லை, ஆறு வருஷமாக ராக் இசையின் நீதிபதி அம்மாதான் என்று நிஜமாகவே நம்பினாயா? உன்னைக் கேட்காமல் எனக்கு இது தெரியப்போவதில்லை.

ஆனால் ஒன்று தெரிந்தது. குவாரிக்கு 'இல்லை' சொன்னது அம்மா இல்லை. நீயும் இல்லை. போனில் சொல்லித் தீர்க்கிற விஷயமாகவும் அது படவில்லை. அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு சித்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பங்காருபாளையம். மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் ஆறு மணிக்கே மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்களோ என்று பயந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை. கையில் சந்தனத்தைத் தடவி உள்ளே விட்டார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் நந்தினி கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லிப் பெண். தினகரின் தங்கச்சி என்றதும் முகம் பிரகாசமாகிவிட்டது.

"அண்ணா வந்துருக்காராக்கா?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை. "அண்ணன் செத்துப்போய் மூணு மாசம் ஆகப்போவுதும்மா," என்றேன்.

அவள் கிடாரைக் கீழே வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையிருப்பு, டிக், சொம்பு, அம்மா பார்த்த கால். டிரம்ஸ் வாசிக்கிற பையனும் பேஸ் வாசிக்கிறவனும் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

"அப்ப எங்களுக்கு இல்லன்னு சொன்னது யாருக்கா?"

"நான்."

"நீங்க பாட்ட கேட்டீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை ஓடவிட்டவள்தானே. "கேக்கலம்மா. எங்கம்மா மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன்," என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டு, "இப்ப கேளுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மேடை ஏறினாள்.

முதல் ஒரு நிமிஷம் பேஸ் மட்டும். தூரத்தில் லாரி மேடு ஏறுகிற மாதிரி. ஜனம் மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவள் பாடினாள். கல் அறுக்கிற மெஷினுக்குத் தண்ணி லாரி வருகிறது, தெருவுக்கு வரவில்லை. குடத்தோடு நிற்கிற ஒருத்தி லாரிக்காரனிடம் கெஞ்சவும் மாட்டேன் என்கிறாள், வீட்டுக்குப் போகவும் மாட்டேன் என்கிறாள். பாதி தமிழ், பாதி தெலுங்கு. டிரம்ஸ் வரும் வரும் என்று பார்த்தால் கடைசி வரைக்கும் தள்ளிக்கொண்டே போய், வரும்போது நெஞ்சிலேயே விழுகிறது. பந்திக்கு நின்ற ஒரு பெரியவர், "ஒக மாஸ் பாட்ட வெய்யண்டி பாபூ," என்று தெலுங்கில் ஒரு குத்துப்பாட்டு கேட்டுக் கையை ஆட்டினார். நான் அவரை முறைத்தேன். கல்யாண வீட்டில், முன்பின் தெரியாத மனுஷரை.

அந்தப் பாட்டு எனக்குப் பிடித்தது, அண்ணா. உனக்குப் பிடித்திருக்குமா என்று அந்த நேரத்தில் யோசிக்கவே இல்லை. நீ போன பிறகு, உன்னை நினைக்காமல் எனக்குப் போன முதல் நாலு நிமிஷம் அது. முடிந்ததும் குற்றம் செய்தவள் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

இறங்கி வந்தவளிடம், "இந்த ஞாயித்துக்கிழமையே போட்டுடறேன்மா. அண்ணன் லிஸ்ட்டுல மொதல்ல நீங்கதான்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வேணாங்க்கா."

"ஏம்மா? கோவமா?"

"அண்ணா பேர்ல போட்டா வேணாம். அவர் கேட்டு, அவர் சொல்லணும்னுதான் ஆசப்பட்டோம். செத்தவர் சொல்லாத 'நல்லாருக்கு' எங்களுக்கு எதுக்குக்கா?" பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்குப் புடிச்சிருந்தா உங்க பேர்ல போடுங்க. இல்லன்னா விட்டுடுங்க. நாங்க திங்கக்கிழம வேலைக்குச் சேரணும். அதுக்கு முன்னாடி தெரிஞ்சா போதும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். என் பெயரில் போடவேண்டுமென்றால் உன் பெயரை எடுக்கவேண்டும். எடுத்தால் ஏன் என்று நானூறு பேரும் கேட்பார்கள். அந்தப் போனிலும் நீ செத்துப்போவாய். நான் பயந்தது அது ஒன்றுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "சொல்லிடுடி," என்றாள். "எத்தினி நாளிக்கு அந்தப் புள்ளிங்கள ஏமாத்துவ? அதுங்களும் ஒரு பாட்டம் அழுதுட்டுப் போட்டும்."

அதனால் இந்த ஞாயிறு மூன்று பேண்ட் இல்லை, அண்ணா. ஒன்றுதான். அதோடு இந்தக் கடிதம். உனக்கு எழுதியதை அப்படியே எல்லாருக்கும் அனுப்புகிறேன். படித்துக்கொண்டிருக்கிறவர்களே, பதினோரு வாரம் நீங்கள் "சூப்பர் அண்ணா" என்று எழுதியதைப் படித்தது நான். மன்னித்துவிடுங்கள். எங்கள் அண்ணன் தினகர் இறந்துவிட்டான். குவாரியின் 'தண்ணி லாரி' கீழே இருக்கிறது. டிரம்ஸுக்காகக் கடைசி வரைக்கும் காத்திருங்கள். பாட்டு நன்றாக இருக்கிறது. சொல்வது நான்.

உனக்கு ஒரு வாக்கு. தேடுவதை நிறுத்தமாட்டேன். யார் முகத்தையும் பார்க்காமல் கேட்பேன். 'இல்லை' என்று சொல்லவேண்டி வந்தால் காரணம் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டுச் சொல்வேன். நாளைக்குத் திங்கட்கிழமை. அந்த மூன்று பேரும் வேலைக்குப் போனார்களா இல்லையா என்று எனக்குத் தெரியவரும்போது, அதை முதலில் சொல்ல நீ இருக்கமாட்டாய். அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இனி தன் பெயரிலேயே எழுதப்போகும்,
உன் கூடப்பிறந்த விமலா