லுவெங்கும் லுவிங்கும்

கெடோங்வாரு,
24 ஜூலை 2003.

அன்பு மகள் ருமினிக்கு,

அம்மா சர்ஜியெம் எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இரண்டு ஆடுகளும் நலம். போகோரில் நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு பார்ஜோ சித்தப்பா ஒரு சின்ன பாட்டில் தருவார். முதலில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார். பார்த்துவிட்டாயா? கத்தினாயா? சரி, இனி நிதானமாகப் படி. எனக்குத்தான் நிதானம் இல்லை, கை பரபரக்கிறது.

முதலில் நான் திட்டு வாங்க வேண்டிய விஷயம். போன வாரம் நீ சித்தப்பா கடைக்குப் போன் செய்து, "என் லுவிங்கைப் பாத்துக்கங்க, மாசக் கடைசி வரைக்கும் பத்திரம்" என்று அவரிடம் சொன்னாயாம். போனில் ஒரே இரைச்சல், மனிதருக்கு ஒரு காது மந்தம் வேறு. நீ சொன்னது லுவிங், மரவட்டை. அவர் காதில் விழுந்தது லுவெங், நம் ஊர்க் குகைக்குழி. நேராக என்னிடம் வந்து, "அண்ணி, ருமினி நம்ம லுவெங்கை நல்லா பாத்துக்கச் சொல்றா" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த மாத ஆரம்பத்தில் ஊருக்கு வந்தும் ஊர்த் தலைவர் வீட்டில் தங்கிவிட்டு, நம் வாசலை மிதிக்காமல் போன மகள் ஒரு வேலை சொல்லி அனுப்பியிருக்கிறாளே! ரசுலான் திருவிழாவுக்கு எப்படியும் ஊரைச் சுத்தம் செய்வோம். இந்த முறை எட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, தண்ணீர் எடுக்கும் சரிவு வழியாக லுவெங்குக்குள் இறங்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன். தரையில் பன்னிரண்டு பிளாஸ்டிக் கப்புகள் புதைந்திருந்தன, உள்ளே அழுகிய இறால் விழுது. "ஊர் சுத்த வந்தவனுங்க தின்னுட்டுப் போட்டதுடீ, சீ!" என்று வாகினெம் மூக்கைப் பிடித்தாள். எல்லாவற்றையும் கொட்டி, சோப்புப் போட்டுக் கழுவி அடுக்கி வைத்தேன்.

சாயங்காலம் தலைவர் மனைவி வந்தார். அடுக்கி வைத்த கப்புகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, அது ருமினி வெச்ச பொறிடீ! மூணு வருஷமா அவளுக்குப் பொட்டைப் பூச்சியாவே கிடைச்சிருக்கு. ஆண் கிடைச்சாத்தான் புது இனம்னு எழுத முடியுமாம், அதோட ஏழாவது வளையத்துக் காலைப் பாத்துத்தான் சொல்லுவாங்களாம். மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலேன்னா அவ படிப்பே நின்னுடுமாம்" என்றார்.

அப்பா சும்மா இருப்பாரா? "மூணு வருஷப் படிப்பை ஒரே தொடப்பத்துல முடிச்சிட்டியே, பெரிய கெட்டிக்காரிதான்" என்றார். ஆனால் மறுநாள் காலையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றி எனக்கு முன்னால் கிளம்பி நின்றதும் அவர்தான். இரண்டு நாள் தவழ்ந்து தவழ்ந்து தேடினோம். என் முழங்கால் தோல் உரிந்துவிட்டது. ஒன்றும் இல்லை. "நீ பெருக்குன பெருக்குல இங்க எறும்புகூடப் பட்டினி கிடக்கும்" என்று அப்பா சொன்னபோது அழுதுவிட்டேன், மகளே. அவரும் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. குழிக்குள் துடைப்பம் படாத இடம் ஒன்று இருக்கிறது, படையல் திட்டு! வருஷா வருஷம் ரசுலானுக்குத் தேக்கிலையில் சோறும் பூவும் வைக்கிறோம். வைத்த படையலை யாரும் அள்ளக்கூடாது, அதுவாகத்தான் மக்க வேண்டும். போன வருஷத்து இலையை மெல்லத் தூக்கினேன். அடியில் வெந்த சேமியா மாதிரி வெள்ளை வெளேரென்று நெளிந்தன! கண்ணே இல்லை. ஒன்றல்ல, பதினொன்று!

தலைவர் மனைவியிடம் நீ விட்டுப்போன உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு தலையிலிருந்து வளையம் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று... நாலு தடவை கணக்குத் தப்பியது. கடைசியில் ஏழாவது வளையத்தில் ஒரு ஜோடிக் காலுக்குப் பதிலாக இத்தனூண்டு கொக்கி தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் அப்பா எழுந்து பாறையில் தலையை இடித்துக்கொண்டார். வீங்கியிருக்கிறது, பயப்படாதே. அப்படி மூன்று ஆண்! மருத்துவச்சியம்மா கொடுத்த ஸ்பிரிட்டில் அந்த மூன்றையும் போட்டிருக்கிறேன். பெண்களை அதே இலைக்கடியில் விட்டுவிட்டேன். ஒரு ஆண்கூட மிச்சம் வைக்கவில்லையே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. இலைக்கடியில் இன்னும் ஆழத்தில் இருக்கும் இல்லையா? எழுது.

புதுப் பூச்சிக்கு நீயே பேர் வைக்கலாமாமே. தலைவர் மனைவி சொன்னார். என் பேரை மட்டும் வைத்துவிடாதே, சந்தையில் சிரிப்பார்கள். அப்படி வைத்தே தீருவேன் என்றால் சரியாக எழுது. சர்ஜியெம், நடுவில் ஒரு 'ஒய்' உண்டு. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அதை விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், "பூச்சி பொறுக்குறவளுக்கு என் வீட்ல இலை கிடையாது" என்று சொன்னவள் நான். நீ சாப்பிடாமலே பஸ் ஏறினாய். கல்யாணமாகி வந்ததிலிருந்து இருபத்தெட்டு வருஷம், நான் யாருக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்த இலையைத் தூக்கிய பிறகல்லவா தெரிந்தது.

ரசுலான் வரும் வெள்ளிக்கிழமை. மரவள்ளிமாவுத் திவுலும், உனக்குப் பிடித்த வெட்டுக்கிளி வறுவலும் உண்டு. கயிற்றில் இறங்கும்போதெல்லாம் ஆண்டவன் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். தேக்கிலை பறிக்க அப்பா போயிருக்கிறார். லுவெங்குக்கு ஒன்று, வீட்டுக்கு மூன்று என்று எண்ணிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா