அவன் கால் நீளத்துக்கு

உன்னை எழுப்ப மனம் வரவில்லை. பால் காய்ச்சி அடுப்பிலேயே மூடி வைத்திருக்கிறேன். பையனுடைய ஸ்போர்ட்ஸ் கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேற்றே வந்துவிட்டது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாய், அதனால் சொல்லவில்லை. சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. மத்தியானம் அக்கா வருகிறாள், ஸ்டேஷனுக்கு நீதான் போக வேண்டும்.

புது கிளட்ச் போட்டாயிற்று. இனி மேட்டில் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டு வண்டி நகராமல் நிற்காது. பழைய கிளட்ச் தட்டு வழவழவென்று தேய்ந்து கிடந்தது. உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று கத்தினேன் இல்லையா? மெக்கானிக் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "கிளட்சைப் பாதி மிதியிலேயே வச்சு ஓட்டியிருக்கீங்க சார். சீட் அவ்வளவு பின்னாடி இருந்தா கால் எப்படி எட்டும்? முன்னாடி தள்ளிக்க வேண்டியதுதானே? இப்படியே ஓட்டினா புதுசும் போயிடும்."

அவனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்த சீட்டை நீயும் தொடவில்லை, நானும் தொடவில்லை. அவன் கால் நீளத்துக்கே விட்டுவிட்டு, இரண்டு பேரும் விரல் நுனியால் எட்டி எட்டி மிதித்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

தோசைக்கல்லைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதே, அது ஆடுகிறது.

பி.கு: சீட் இப்போது இருக்கும் இடத்தில், கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். விடிந்ததும் காருக்குப் போய், சீட்டைத் தள்ளும் பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என்னால் முடியவில்லை. நீ தள்ளிக்கொள். அம்மா தள்ளினால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.